ஸ்பீக்கரில் ஹம், மைக்கைத் தொட்டால் சுள்ளென்று ஷாக்: வீட்டு ஸ்டுடியோவில் கரண்ட் கோளாறு

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் பாட்டும் வீணையும் பதிவு செய்கிறேன். லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள யு.எஸ்.பி. ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், வீணைக் குடத்தில் ஒட்டிக்கொண்டு அதன் அதிர்வைச் சிக்னலாக்கும் பியெசோ பிக்கப், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர். எல்லாமே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கின்றன. வீடு பழசு, மாடியறை மட்டும் பின்னால் கட்டியது.

கோளாறு ஒன்றல்ல. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் ஆரம்பிக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் பெருமளவு நின்றுவிடுகிறது. சார்ஜர் இருக்கும்போது வெறுங்காலோடு நின்று மைக் வலையை உதட்டால் உரசினால் சுள்ளென்று அடிக்கிறது. லேப்டாப் மூடியை விரல் நுனியால் தடவினால் ஒரு நுண்ணிய அதிர்வு தெரிகிறது. ஃபேனை ஒன்று, இரண்டில் வைத்தால் ஹெட்ஃபோனில் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு கரகரப்பு, ஐந்தில் வைத்தால் அது இல்லை. கீழே ஃப்ரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ ஓட ஆரம்பித்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம், சில சமயம் இண்டர்ஃபேஸே துண்டித்துக்கொண்டு பதிவு பாதியில் நிற்கிறது.

சாதனங்கள் எல்லாம் புதுசு. மாணவிகளும் இதே மைக்கில் பாடுகிறார்கள், அதனால்தான் அந்த ஷாக் பயமாக இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கரூர்_கிட்டார் எழுதியது:

அக்கா, ஹம்முக்கு ஒரு சுலப வழி. மானிட்டர் ஸ்பீக்கரின் மூணு பின் பிளக்கில் மேலே தனியாகத் தடிமனாக இருக்குமே, அந்தப் பின் கனெக்ட் ஆகாதபடி இரண்டு பின் அடாப்டரில் செருகிப் பாருங்கள். என் ரூமில் அப்படித்தான் ஓடுகிறது, ஹம் சுத்தமாக நின்றுவிட்டது. மேடைக் கச்சேரிகளிலும் பலர் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மின்வாசகன் எழுதியது:

தம்பி, அதைச் செய்யவே வேண்டாம். உங்கள் அறையிலும் அந்த அடாப்டரை இன்றே எடுத்துவிடுங்கள். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தடிமனான அந்தப் பின்தான் ஏர்த், பழுதானால் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு வழி. மற்ற இரண்டையும்விட அது நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது முதலில் ஏர்த் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அதுதான் விட வேண்டும். ஸ்பீக்கருக்குள் ஃபேஸ் வயர் உருகியோ கழன்றோ உலோகப் பெட்டியைத் தொட்டால், ஏர்த் இருக்கும்வரை பெரிய கரண்ட் பாய்ந்து ஃப்யூஸ் போகும் அல்லது ட்ரிப் ஆகும். ஏர்த்தை வெட்டிவிட்டால் எதுவும் ட்ரிப் ஆகாது. 230 வோல்ட் பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக இண்டர்ஃபேஸ், அதிலிருந்து எக்ஸ்.எல்.ஆர். என்ற மூணு பின் மைக் கேபிளின் ஒன்றாம் பின் வழியாக மைக் உடம்பு, அதற்கப்புறம் பாடுகிறவரின் உதடு. ஸ்பீக்கரில் ஏற்பட்ட பழுது எதிர் மூலையில் நிற்கும் பிள்ளையைப் போய்ச் சேர்கிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஸ்டோன் த க்ரோஸ் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், மேடையில் சரியாக ஏர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976-இல் தன் வீட்டிலேயே மின்சார கிட்டாரோடு இருக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவருக்குமே வயது 30-ஐ ஒட்டித்தான்.

காவிரிக்கரை அம்மா, நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஹம் இல்லை, உதட்டில் அடிக்கும் அந்த ஷாக். முதலில் அதைப் பார்ப்போம். பிளக் பாயிண்டில் ஏர்த் துளை இருக்கிறது என்பதற்காக ஏர்த் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். பின்னால் கட்டிய மாடியறைகளில் ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு வயரை மட்டும் மேலே இழுத்து, மூணு பின் சாக்கெட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாதனங்கள் செருகியிருக்கும்போதே அந்தப் போர்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் ஏர்த்துக்கும், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும். அதுவரை அந்த மைக்கில் யாரையும் பாட வைக்க வேண்டாம். அவசரமென்றால் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் பிடுங்கிவிட்டு, லேப்டாப் பேட்டரியிலேயே ஹெட்ஃபோனோடு பதிவு செய்யுங்கள்.

ஒலிப்பதிவன் எழுதியது:

மின்வாசகன் சார் சொன்ன வரிசைதான் சரி. அது நடக்கட்டும். கூடவே, எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன். எந்த ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாலும் நான் முதலில் செய்வது கழற்றுவதுதான்.

ஸ்பீக்கரின் பின்னால் உள்ள ஆடியோ கேபிள் முழுவதையும் எடுத்துவிடுங்கள். கரண்ட் மட்டும் இருக்கட்டும். இப்போதும் ஹம் கேட்டால் ஸ்பீக்கரிலேயே கோளாறு. கேட்கவில்லையென்றால் ஸ்பீக்கர் நல்லது. அப்புறம் இண்டர்ஃபேஸை மட்டும் இணைத்துக் கேளுங்கள், அடுத்து யு.எஸ்.பி., அடுத்து சார்ஜர், கடைசியாக மைக்கும் பிக்கப்பும். எந்தக் கட்டத்தில் சத்தம் நுழைகிறது என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கேபிளை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

சத்தத்தின் தன்மையையும் கவனியுங்கள். அடியில் உருண்டையாக ‘ஊம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது ஷீல்டு விட்டுப்போன கேபிள். வண்டு மாதிரி ரீங்காரமிட்டு 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்து வந்தால் ரெக்டிஃபையர் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பகுதி), டிம்மர், எல்.இ.டி. டிரைவர், கிரவுண்ட் லூப் (ஏர்த் வயரும் கேபிள் ஷீல்டும் சேர்ந்து உண்டாகும் வளையம்) இவற்றில் ஒன்று. மெல்லிய விசில், அதுவும் மவுஸை நகர்த்தும்போது மாறுகிற விசில் என்றால் கம்ப்யூட்டரின் டிஜிட்டல் இரைச்சல் கிரவுண்ட் வழியாகக் கசிகிறது என்று அர்த்தம்.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து அளந்தார். ஃபேஸ்–நியூட்ரல் 228 வோல்ட். ஃபேஸ்–ஏர்த் 121. நியூட்ரல்–ஏர்த் 106. கீழே ஹாலில் உள்ள பாயிண்டில் ஃபேஸ்–ஏர்த் 227, நியூட்ரல்–ஏர்த் ஒன்றரை வோல்ட்தான்.

ஒலிப்பதிவன் சார் சொன்னபடி கழற்றியும் பார்த்தேன். ஸ்பீக்கர் தனியாக இருக்கும்போது சத்தமே இல்லை. இண்டர்ஃபேஸ் இணைத்தாலும் இல்லை. லேப்டாப் சார்ஜர் சேர்ந்தவுடன்தான் வருகிறது. மவுஸை நகர்த்தினால் ஹம்மோடு ஒரு மெல்லிய ‘ட்ஸீ’ ஒலியும் கேட்கிறது, இதுவரை அதைக் கவனித்ததில்லை.

மின்வாசகன் எழுதியது:

அம்மா, 121-உம் 106-உம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 228. மாடியில் ஏர்த் எதிலும் கட்டப்படாமல் மிதக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

எப்படி இந்தப் பாதி வோல்ட் வருகிறது என்றால், லேப்டாப் சார்ஜர் போன்ற பவர் சப்ளைகளின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஏர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து ஏர்த்துக்கு ஒன்று என்று சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஏர்த் உருப்படியாக இருந்தால் அதில் ஓடும் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். ஏர்த் இல்லாவிட்டால் இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் சப்ளையின் பாதி வோல்ட் நிற்கும். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஓடக்கூடியது சுமார் 0.16 மில்லி ஆம்பியர்தான். ஆளைக் கொல்லாது. ஆனால் உதட்டின் மெல்லிய தோலுக்கு அது நன்றாகவே உறைக்கும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏர்த் இல்லாமல் பல சாதனங்கள் கூடக்கூட இந்தக் கசிவும் கூடும். இப்போது வருவது இந்தக் கசிவு மட்டும்தான். நாளைக்கு ஏதாவது ஒரு சாதனத்தில் இன்சுலேஷன் போனால் அதே வழியில் முழு ஃபேஸும் வரும் என்பதுதான் கவலை.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த கரண்டிலேயே வோல்ட் காட்டிவிடும். ஹோல்டரில் போட்ட 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் ஏர்த்துக்கும் நடுவில் எலக்ட்ரீஷியன் பிடித்துப் பார்க்கட்டும். நல்ல ஏர்த் என்றால் நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சம் வரும். மங்கினால் ஏர்த் பலவீனம், எரியவே இல்லையென்றால் ஏர்த்தே இல்லை. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச்) உள்ள வீட்டில் இந்தச் சோதனை செய்தவுடன் ட்ரிப் ஆகும். அது நல்ல செய்திதான்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். ஏர்த் இல்லை என்றதும் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை ஏர்த் முனைக்கு லூப் போட்டுவிடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பல்பும் எரியும், மீட்டரும் சரியாகக் காட்டும். என்றைக்காவது வழியில் நியூட்ரல் அறுந்தால் அந்த அறையின் எல்லா உலோகப் பெட்டியிலும் 230 வோல்ட் ஏறிவிடும். அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிலும் கட்டக் கூடாது. பாதிக் குழாய் இப்போது பி.வி.சி., அது மண்ணைத் தொடுவதே இல்லை. கீழே ஹாலில் ஒழுங்கான ஏர்த் இருக்கிறது அல்லவா? மெயின் போர்டின் ஏர்த் பட்டையிலிருந்து பச்சை வயர் ஒன்றை, ஃபேஸ் வயரின் அளவுக்குக் குறையாத தடிமனில், மாடி வரை இழுக்கச் சொல்லுங்கள். இதுதான் சரி.

ஸ்டுடியோவுக்கென்று தனியாக ஒரு ‘சுத்தமான ஏர்த்’ குழி தோண்டலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தோண்டலாம், ஆனால் அதை வீட்டு ஏர்த்தோடு கட்டியே ஆக வேண்டும். ஒன்றோடொன்று சேராத இரண்டு ஏர்த் இருந்தால் இடி விழும்போதோ பழுது வரும்போதோ இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் கூட எழலாம். நீங்கள் இரண்டையும் ஒரே சமயம் தொட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன கசிவுக் கரண்ட் பற்றி ஒரு சந்தேகம். எங்கட வீட்டில் மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கு, 30 மில்லி ஆம்பியர். ஸ்டுடியோவில் எல்லாத்தையும் ஒரேயடியாப் போட்டால் சில வேளை அது விழுந்துவிடும். ஒவ்வொண்டாப் போட்டால் விழாது. எந்தச் சாமானிலும் பழுது இல்லை என்று கடைக்காரர் சோதிச்சுத் தந்தார். ட்ரிப் சுவிட்சை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் சொல்கிறார்.

மின்வாசகன் எழுதியது:

நல்லூரான், எடுக்காதீர்கள். உங்கள் ஊர் வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தன் சொந்த ஏர்த் கம்பி, அதனோடு ட்ரிப் சுவிட்ச் என்ற அமைப்புதான் உயிரைக் காக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அந்த சுவிட்ச் அதன் பாதிக்கும் முழுவதற்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம், தரநிலை அப்படித்தான். மூணு பின் உள்ள கம்ப்யூட்டர் வகைச் சாதனம் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கசிய விடும். வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஏற்கெனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும். ஸ்டுடியோ ஒரேயடியாகச் சேரும்போது கெபாசிட்டர்கள் நிறைகிற அந்த ஒரு கணத்தில் எல்லையைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றாகப் போடுங்கள். முடிந்தால் ஸ்டுடியோ சர்க்யூட்டுக்குத் தனி ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள், கசிவு பங்கு பிரிந்துவிடும்.

லயப்பித்து எழுதியது:

ஏர்த் வேலை எல்லாம் பாதுகாப்புக்கு அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தத்தை மட்டும் பொறுத்தவரை இவ்வளவு பாடுபட வேண்டுமா? இப்போது நாய்ஸ் ரிடக்‌ஷன் பிளக்இன்கள் நன்றாக இருக்கின்றன. 50, 100, 150 என்று வரிசையாக, அந்த ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டால் ஹம் போய்விடும். நான் மிருதங்கப் பதிவுகளில் அப்படித்தான் செய்கிறேன்.

ஒலிப்பதிவன் எழுதியது:

மிருதங்கத்தில் ஓரளவு ஒப்பேறும். ஏனென்றால் அடிக்கு அடி ஒலி எழுந்து அடங்குகிறது. பாட்டிலும் வீணையிலும் நடப்பதே வேறு.

கணக்காகப் பாருங்கள். பெண்குரலுக்கு ஐந்து கட்டை சுருதி என்றால் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர ஷட்ஜம் 98. அதற்கும் கீழே 49. நம் மின்சாரத்தின் 50, 100, 200 மூன்றுமே இந்த ஷட்ஜத்தின் தலைமேல் வந்து உட்காருகின்றன, கொஞ்சம் சுருதி கூடுதலாக. கணக்குப் போட்டால் அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தம்புரா 98-இல் ஒலிக்கும்போது அடியில் 100 இருந்தால், ஒரு நொடிக்கு இரண்டு தரம் அலை அலையாக ஒலி ஏறி இறங்கும். 196-க்கும் 200-க்கும் நடுவில் நொடிக்கு நான்கு தரம். கேட்பவருக்கு ஹம் என்று பிடிபடாது, தம்புரா சுருதி சேரவில்லை என்றுதான் தோன்றும். பாடுகிறவருக்கு ஹெட்ஃபோனில் அது கேட்டால் அவரும் தன்னையறியாமல் மேலே நழுவுவார். பதிவு முடிந்து கேட்டால் சுருதி விலகியிருக்கும், காரணம் புரியாது.

இங்கே நாட்ச் ஃபில்டர் போட்டால் என்ன ஆகும்? 100-ஐயும் 200-ஐயும் வெட்டும்போது, அதை ஒட்டி நிற்கும் 98-உம் 196-உம் சேர்ந்து அடிபடும். தம்புராவின் ஆதாரமே மெலிந்துபோகும். மந்தர ஸ்தாயியில் பாடகர் நின்று பாடும் இடத்தில் குரலின் உடம்பு போய்விடும். வீணையின் சாரணித் தந்தியில் அனுரணனம் நீண்டு அடங்குகிற அந்த வாலில்தான் பிளக்இன் தடுமாறும். எது ஹம், எது நாதம் என்று அதற்குத் தெரியாது, இரண்டும் ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் ஒலிகள். வாலை வெட்டினால் வீணை பொம்மை வாத்தியமாகிவிடும்.

ஆறு கட்டை, ஒன்றரைக் கட்டை என்றால் இந்த மோதல் இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் எந்தக் கட்டைக்கும் ஹம்மின் மேல்மடங்குகள் எங்காவது ஒரு ஸ்வரத்தில் இடிக்கும். அதனால் பதிவாகும் முன்பே கம்பியில் சரி செய்வதுதான் வழி.

லயப்பித்து எழுதியது:

98-உம் 100-உம் மோதும் விஷயம் இதுவரை யோசித்ததே இல்லை. என் பழைய பதிவு ஒன்றில் சுருதிப்பெட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஸ்பெக்ட்ரம் போட்டுப் பார்க்கிறேன், இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

காவிரிக்கரை எழுதியது:

நான் பாடுவது ஐந்து கட்டைதான்! ஒலிப்பதிவன் சார் எழுதியதைப் படித்ததும் பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். அந்த அலை அப்படியே இருக்கிறது.

வேலை நிலவரம். எலக்ட்ரீஷியன் அண்ணா மாடி சுவிட்ச் பாக்ஸைத் திறந்தார். சாக்கெட்டின் ஏர்த் முனையில் ஒரு துண்டுப் பச்சை வயர் இருந்தது, விரல் நீளம்கூட இல்லை, மறுமுனை பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. சார் சொன்ன மாதிரி லூப் போட்டுவிடலாமா என்று அவரும் கேட்டார், வேண்டாம் என்று விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார். மெயின் போர்டிலிருந்து புதுப் பச்சை வயர் இழுத்து, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டாகிவிட்டது. இப்போது மாடியில் நியூட்ரல்–ஏர்த் இரண்டு வோல்ட்டுக்குள். மைக்கிலும் லேப்டாப்பிலும் ஷாக் துளியும் இல்லை.

ஆனால் ஹம் முழுதாகப் போகவில்லை. அளவு குறைந்திருக்கிறது, சார்ஜர் செருகும்போது மட்டும் மவுஸ் ‘ட்ஸீ’யோடு சேர்ந்து வருகிறது. ஃபேன் கரகரப்பும் ஃப்ரிட்ஜ் ‘டப்’பும் அப்படியே இருக்கின்றன.

ஒலிப்பதிவன் எழுதியது:

ரொம்ப நல்லது. மிச்சமிருப்பது கிரவுண்ட் லூப், இதில் உயிருக்கு ஆபத்து ஏதுமில்லை. சார்ஜர் வழியாக லேப்டாப் ஏர்த்தைத் தொடுகிறது, ஸ்பீக்கரும் தன் பிளக் வழியாக ஏர்த்தைத் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு இன்னொரு பாலம். ஒரு வளையம் முழுமையாகிவிட்டது, அதில் சின்னக் கரண்ட் சுற்றுகிறது. அந்த ஷீல்டே சிக்னலின் திரும்பு பாதையாகவும் இருந்தால் அந்தக் கரண்ட் ஒலியாகிவிடும்.

இண்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு என்ன கேபிள் போட்டிருக்கிறீர்கள்? ஒரு பக்கம் ஆர்.சி.ஏ. அல்லது ஒரே கறுப்பு வளையம் உள்ள ஜாக் என்றால் அதுதான் காரணம். இரண்டு வளையம் உள்ள டி.ஆர்.எஸ். கேபிள் வாங்குங்கள், ஸ்பீக்கரில் எக்ஸ்.எல்.ஆர். இருந்தால் டி.ஆர்.எஸ்.–எக்ஸ்.எல்.ஆர். நல்லது. இப்படிப்பட்ட பேலன்ஸ்டு கேபிளில் சிக்னல் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது, இரண்டிலும் ஒரே மாதிரி ஏறிய இரைச்சலை ஸ்பீக்கர் கழித்துவிடும்.

பேலன்ஸ்டு போட்டும் ஹம் வந்தால் சாதனத்துக்குள் எக்ஸ்.எல்.ஆர். ஒன்றாம் பின்னை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பது பிரச்சினை. அது நேராக உலோகப் பெட்டிக்குப் போக வேண்டும், சர்க்யூட் போர்டின் ஆடியோ கிரவுண்டுக்குப் போகக் கூடாது. நீல் மன்சி என்பவர் 1995-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் இதை விரிவாக எழுதிய பிறகுதான் ‘ஒன்றாம் பின் பிரச்சினை’ என்ற பேரே பரவியது. அதைத் திருத்துவது நம் கையில் இல்லை. அப்போது இரண்டுக்கும் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வளையத்தை அறுக்கலாம். அறுக்க வேண்டியது சிக்னல் பாதையில்தான், பவர் பிளக்கின் ஏர்த்தில் ஒருபோதும் இல்லை. டி.ஐ. பாக்ஸில் (வாத்திய சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது துண்டிப்பது ஆடியோ ஷீல்டை மட்டும். அதனால் தாராளமாக அழுத்தலாம்.

எல்லா ஆடியோ சாதனமும் இப்போது இருப்பதுபோல் ஒரே சுவர்ப் பாயிண்டிலிருந்தே கரண்ட் எடுக்கட்டும். உங்கள் மொத்தச் சுமை சில நூறு வாட்தான், 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்கும்.

ஃபேன் விஷயம்: உங்கள் ரெகுலேட்டர் டிரையாக் வகை. அது மின்னலையை நொடிக்கு 100 தடவை நடுவில் வெட்டி வெட்டி ஃபேனுக்குக் கொடுக்கிறது, ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன ரேடியோ இரைச்சல். ஐந்தில் வெட்டு இல்லை, அதனால் சத்தமும் இல்லை. படிப்படியாக ‘க்ளிக் க்ளிக்’ என்று திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.

பியெசோ பிக்கப்பையும் கவனியுங்கள். அதன் மின்தடை மிக அதிகம், அதனால் காற்றில் உள்ள இரைச்சலை நன்றாக வாங்கிக்கொள்ளும். இண்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்ற பொத்தானைப் போட்டு அந்த இன்புட்டில்தான் செருக வேண்டும். கேபிள் நீளம் குறைவாக இருக்கட்டும், கரண்ட் வயருக்கு இணையாக ஓட வேண்டாம். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கரூர்_கிட்டார் எழுதியது:

அடாப்டரை எடுத்துவிட்டேன் சார், டி.ஆர்.எஸ். கேபிளும் போட்டாச்சு. ஸ்பீக்கரில் ஹம் இல்லை. ஆனால் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரை எடுத்தால் மட்டும் ‘ஊம்’ வருகிறது. இதுவும் ஏர்த் கோளாறா?

ஒலிப்பதிவன் எழுதியது:

கிட்டாரைப் பிடித்தபடி நாற்காலியில் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு திசையில் ஹம் கிட்டத்தட்ட மறைந்து இன்னொரு திசையில் ஏறினால் காந்தப்புலம்தான், ஏர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் உள்ள ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், பெரிய அடாப்டர் எதுவோ ஒன்று. அவற்றைத் தள்ளி வையுங்கள். பதிவின்போது ஹம் மறைகிற அந்தத் திசையைப் பார்த்து உட்காருங்கள். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர் பிக்கப் வந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான், 1950-களிலேயே. தந்தியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் அது வேறு, ஷீல்டிங் போதவில்லை என்று அர்த்தம்.

மின்வாசகன் எழுதியது:

காவிரிக்கரை அம்மா, ஃப்ரிட்ஜ் ‘டப்’புக்கு வருகிறேன். மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது மாடியில் விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள். லேசாக மங்கித் திரும்பினால் மாடிக்கும் மோட்டாருக்கும் பொதுவாக வரும் வயரில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது வயர் மெல்லிசு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சந்தேகப்படுங்கள். பிளக்கைச் செருகிவிட்டு லேசாக ஆட்டினால் ‘கர் கர்’ என்று கேட்கிறதா? பிளக் பின் கறுத்திருக்கிறதா? தொட்டால் சுடுகிறதா? அப்படியென்றால் உள்ளே பொறி பறக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஓர் அறையில் விளக்கு மங்கி இன்னோர் அறையில் பிரகாசமானால் அது நியூட்ரல் தளர்ந்ததன் அடையாளம். மெயினை அணைத்துவிட்டு உடனே மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். முழுதாக அறுந்தால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறி வீட்டில் உள்ளதெல்லாம் எரியும்.

இண்டர்ஃபேஸ் துண்டிப்பதற்கு வோல்ட் இறக்கம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே. சுவிட்ச் தட்டும்போது எழும் துடிப்பு யு.எஸ்.பி. கேபிளில் ஏறி இணைப்பை உதறிவிடுகிறது. நீளக் கேபிளை மாற்றி ஒரு மீட்டருக்குள் உள்ளதாகப் போடுங்கள். ஹப் வழியாக வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். கேபிளின் இரு முனையிலும் கவ்விக்கொண்டு இரைச்சலை அடக்கும் ஃபெரைட் குமிழ் மாட்டுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு நீலம் பாரித்துப் பழுத்திருந்தது. அதை மாற்றியதும் பாதித் தொல்லை போனது. குட்டை யு.எஸ்.பி. கேபிளும் ஃபெரைட்டும் போட்ட பிறகு மோட்டார் ஓடினாலும் இண்டர்ஃபேஸ் நிலையாக நிற்கிறது. டி.ஆர்.எஸ். கேபிள் வந்ததும் ஹம், மவுஸ் சத்தம் இரண்டும் ஒழிந்தன. ரெகுலேட்டரும் மாற்றியாயிற்று. ஃபேன் இரண்டில் ஓடும்போதே தம்புரா போட்டுக் கேட்டேன், அந்த அலை இல்லை.

இப்போது இரண்டு சின்னச் சத்தம் மட்டும். எப்போதாவது ‘டிக்’ என்று ஒன்று வருகிறது, எதனோடும் சேராமல். இன்னொன்று ‘டட்-டட-டட்-டட’ என்று வந்து நின்றுவிடும்.

லயப்பித்து எழுதியது:

இரண்டாவது கைபேசி. 2ஜி நெட்வொர்க்கில் ஃபோன் பேசும்போது நொடிக்கு 217 தடவை சிக்னலை விட்டு விட்டு அனுப்பும், அது மைக் கேபிளில் ஏறிக் கேட்கிறது. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அல்லது அடுத்த அறையில் வையுங்கள்.

‘டிக்’ கரண்ட் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு ஒரே புள்ளியில் செங்குத்தாகத் தாவியிருந்தால் கம்ப்யூட்டர் நேரத்துக்குள் டேட்டாவைக் கொடுக்கவில்லை. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் (ஒரு தடவையில் சேர்த்துவைக்கும் டேட்டாவின் அளவு) 64-இல் இருந்தால் 256 ஆக்குங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 5.8 மில்லி நொடி, பாடும்போது தெரியாது. பதிவு நேரத்தில் வைஃபையையும் அணையுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

இரண்டும் சரியாகிவிட்டது. கடைசியாக ஒன்று. ஐப்பசி வந்தால் இங்கே இடியும் மின்வெட்டும் ஜாஸ்தி. வீட்டில் பழைய இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. அதில் ஓட்டினால் ஹெட்ஃபோனில் பயங்கர இரைச்சல். இடிக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் போதுமா?

மின்வாசகன் எழுதியது:

அந்த இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கும். அதிலிருந்து வருவது நல்ல மின்னலை இல்லை, மேல்மடங்குகள் நிறைந்த சதுரம். சாதாரண விளக்கு, ஃபேனுக்கு ஒப்பேறும், ஆடியோவுக்கு ஆகாது. புதிதாக வாங்கினால் சைன் வேவ் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டின்போது பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் லேப்டாப் பேட்டரியே போதும், இண்டர்ஃபேஸ் யு.எஸ்.பி.யிலேயே ஓடும். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபாண்டம் பவரையும் அதுவே கொடுத்துவிடும்.

சர்ஜ் ப்ரொடெக்டர் சின்னத் துடிப்புகளைத் தாங்கும், பக்கத்தில் விழும் இடியைத் தாங்காது. தூரத்தில் முழக்கம் கேட்கும்போதே சுவர்ப் பாயிண்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இன்டர்நெட் கேபிள் லேப்டாப்பில் இருந்தால் அதையும் எடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கைத் தொட வேண்டாம். ஏர்த் குழி மூடியைத் திறந்து கோடையில் மாதம் ஒரு தடவையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், மண் காய்ந்தால் ஏர்த் பலவீனமாகும். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதையும் அப்போதே அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றிவிட்டுத்தான் மைக்கைப் போட வேண்டும்.